பையம்பள்ளியும் வேலூர் வட்டாரத்தின் புதிய கற்கால வேளாண்மையும்

பையம்பள்ளி, தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில் திருப்பத்தூர் நகருக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர். தமிழ்நாட்டில் புதிய கற்கால மக்களின் குடியிருப்பு அகழாய்வின் மூலம் வெளிப்பட்ட முதன்மையான இடங்களுள் ஒன்று. இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் எஸ். ஆர். ராவ் தலைமையில் இங்கு அகழாய்வு நடத்தியது. தரையில் தோண்டப்பட்ட குழி வீடுகள், மெருகேற்றிய கற்கோடரிகள், கையால் வனைந்த மட்கலன்கள், அரவைக் கற்கள், கரிந்த பயறு மணிகள் ஆகியவை இங்கு கிடைத்தன. அப்போது இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்துடன் சேர்ந்தது.

தமிழ்நாட்டு வேளாண்மையின் தொடக்கம் என்றதும் ஆற்றங்கரையும் நெல்வயலும் ஏர் மாடுகளும் பலர் மனத்தில் தோன்றும். வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துப் புதிய கற்காலச் சான்றுகள் காட்டும் காட்சி வேறு. இங்கு வேளாண்மை மலையடிவாரத்தின் மானாவாரி நிலத்தில், பயறு வகைகளோடும் சிறுதானியங்களோடும் கால்நடை வளர்ப்போடும் தொடங்கியது. இன்று புன்செய் என்று இரண்டாம் இடத்தில் வைக்கப்படும் பயிர்முறையே இப்பகுதியில் மூத்த பயிர்முறை.

புதிய கற்காலம் என்பது

கற்காலத்தைப் பழைய கற்காலம், புதிய கற்காலம் எனப் பிரிக்கும் வழக்கத்தை ஆங்கிலேய அறிஞர் ஜான் லப்பக் 1865இல் தொடங்கி வைத்தார். செதுக்கிய கருவிகளைப் பயன்படுத்திய காலம் பழையது, தேய்த்து மெருகேற்றிய கருவிகளைப் பயன்படுத்திய காலம் புதியது என்பது அவர் கொண்ட அளவுகோல். இருபதாம் நூற்றாண்டில் இந்த அளவுகோல் மாறியது. கார்டன் சைல்டு என்ற தொல்லியல் அறிஞர், கருவியின் வடிவத்தைவிட உணவு தேடும் முறையில் ஏற்பட்ட மாற்றமே முக்கியமானது என்றார். வேட்டையாடியும் காய்கனிகளைத் திரட்டியும் வாழ்ந்த மனிதர் உணவைத் தாமே உற்பத்தி செய்யத் தொடங்கியதை அவர் புதிய கற்காலப் புரட்சி என்று அழைத்தார்.

புரட்சி என்ற சொல் ஒரே நாளில் நடந்த மாற்றம் என்ற எண்ணத்தைத் தரலாம். உண்மையில் அது பல இடங்களில், பல காலங்களில், பல பயிர்களைக் கொண்டு மெல்ல நடந்தது. மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும், சீனாவில் நெல்லும் தினையும், நடு அமெரிக்காவில் மக்காச்சோளமும் வேளாண்மைக்கு வந்தன. இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில், பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கரில், கி.மு. 7000 அளவிலேயே பார்லியும் கோதுமையும் பயிரிடப்பட்டன. தென்னிந்தியாவில் இம்மாற்றம் ஏறத்தாழ கி.மு. 3000க்குப் பிறகு தெளிவாகத் தெரிகிறது. அதன் தென்கிழக்கு எல்லைப் பகுதியில் இருப்பவை பையம்பள்ளியும் அதைச் சுற்றியுள்ள களங்களும்.

நிலமும் மழையும்

தமிழ்நாட்டின் புதிய கற்காலக் குடியிருப்புகள் மாநிலம் முழுவதும் பரவியிருக்கவில்லை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய வடமேற்கு மாவட்டங்களிலேயே அவை மிகுதி. கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் தென்பகுதிகளோடு இம்மாவட்டங்கள் ஒரே வகை நிலத்தால் இணைந்துள்ளன. தமிழகத்தின் தென்பகுதிகளில் நுண்கற்கருவிகளைப் பயன்படுத்திய மக்களின் தடயங்களை அடுத்து, பெரும்பாலும் நேரடியாக இரும்புக் காலத் தடயங்களே காணப்படுகின்றன.

திருப்பத்தூருக்குக் கிழக்கே ஜவ்வாது மலையும் வடக்கே ஏலகிரி மலையும் உள்ளன. வேலூர் நகரின் தென்பகுதியான பாகாயத்தைச் சுற்றிலும் அங்கிருந்து அணைக்கட்டுப் பக்கமும் நிலத்தின் இயல்பு இதுவே: தனித்தனியே எழும் பாறைக் குன்றுகள், அவற்றின் அடியில் சரிந்திறங்கும் செம்மண், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஓடைகள். அணைக்கட்டுப் பகுதியில் உள்ள அப்புக்கல் என்ற ஊரில் 1970களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்விலும் புதிய கற்கால மண்ணடுக்கு வெளிப்பட்டது.

குன்றின் அடிவாரத்தை மக்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. மொட்டைப் பாறையின் மேல் பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்து அடிவாரத்தை அடைகிறது. அங்குள்ள மண் சற்று ஆழமானது. ஈரத்தை நெடுநாள் வைத்திருக்கும். வாய்க்காலோ ஏரியோ வெட்டாத சமூகத்துக்கு இந்த இயற்கை ஈரமே பாசனம். கோடரி செய்யக் கல், எரிக்க விறகு, கால்நடைக்கு மேய்ச்சல், காவலுக்கு உயரமான இடம் ஆகியவையும் அருகிலேயே கிடைத்தன. இப்பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் ஓரளவு கிடைக்கின்றன. குறைந்த மழையில் விரைவில் விளையும் பயிர்களுக்கு இது ஏற்ற சூழல்.

ஆய்வு வரலாறு

தென்னிந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு இராபர்ட் புரூஸ் புட் என்ற புவியியல் அறிஞரோடு தொடங்குகிறது. இந்தியப் புவியியல் துறையில் பணியாற்றிய அவர், 1863ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பின்னர் பெல்லாரி, சேலம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் புதிய கற்காலக் கோடரிகளைத் திரட்டினார். அவர் சேகரித்த பொருள்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் சேர்ந்தன.

சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் இத்தகைய கற்கோடரிகள் மரத்தடிக் கோயில்களில் வைத்து வணங்கப்படுவது உண்டு. வழவழப்பான கூர்முனைக் கல் நிலத்தில் கிடைக்கும்போது அதை இயல்பான கல்லாக மக்கள் கருதவில்லை. உலகின் பல பகுதிகளில் இவற்றை இடியோடு விழுந்த கல் என்று நம்பினர். இந்த வழிபாட்டால் பல கோடரிகள் அழியாமல் தப்பின. ஆனால் அவை எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், வேறு எந்தப் பொருள்களோடு கிடந்தன என்ற செய்தி மறைந்துவிட்டது. கோடரி மட்டும் தனியே கிடைத்தால் அதைச் செய்தவர் என்ன உண்டார், எங்கு உறங்கினார் என்று அறிய முடியாது. அதற்கு அகழாய்வு தேவை.

அந்த வகையில் முதல் பெரிய முயற்சி 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் நடந்தது. மார்ட்டிமர் வீலர் அங்குக் கற்கோடரி மக்களின் வாழ்விடத்தையும் அதற்கு மேலே இரும்புக் காலப் பெருங்கற்பண்பாட்டின் அடுக்கையும் வரிசைப்படுத்திக் காட்டினார். கற்கோடரிப் பண்பாடு கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்பது அவருடைய கணிப்பு. பின்னர் வந்த கரிமக் காலக்கணிப்புகள் அதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னே தள்ளின. பையம்பள்ளி அகழாய்வு இந்தத் திருத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் புதிய கற்கால, பெருங்கற்காலப் பண்பாடுகளைத் தொகுத்து பி. நரசிம்மையா எழுதிய நூல் 1980இல் வெளிவந்தது. அதில் பையம்பள்ளி முக்கிய இடம் பெறுகிறது.

குழி வீடுகள்

பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் தரையைத் தோண்டி வட்ட வடிவிலும் நீள்வட்ட வடிவிலும் குழிகள் அமைத்து அவற்றில் வாழ்ந்தனர். குழியைச் சுற்றிக் கம்பங்கள் நடப்பட்டதற்கான சிறு துளைகள் மண்ணில் காணப்பட்டன. மரக்கம்பம் மக்கிப் போனாலும் அது நின்ற இடத்தில் நிறம் மாறிய மண் தங்கிவிடும். அந்த வட்டமான கறைகளை வைத்தே கூரையின் அமைப்பு ஊகிக்கப்படுகிறது. கம்பங்களின் மேல் கழிகளும் அவற்றின் மேல் புல்லோ தழையோ வேய்ந்திருக்க வேண்டும்.

தரைக்குக் கீழே சற்று இறங்கிய வீடு வெயிலிலும் காற்றிலும் பாதுகாப்பானது. பாதிச் சுவர் மண்ணாகவே இருப்பதால் கட்டுவதற்கு மரமும் குறைவாகவே தேவைப்படும். இத்தகைய குழி வீடுகள் காஷ்மீரின் புர்சகோமிலும் கிடைத்துள்ளன. எனினும் இவ்விரு மக்களுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று கொள்வதற்கு இந்த ஒற்றுமை மட்டும் போதாது. ஒரே தேவை வெவ்வேறு இடங்களில் ஒரே தீர்வைத் தந்திருக்கலாம்.

குழி என்றாலே அது வீடு என்றும் முடிவு செய்ய இயலாது. தானியம் சேமிக்கவும், குப்பை கொட்டவும், மண் எடுக்கவும் குழிகள் தோண்டப்பட்டன. கம்பத் துளைகளும், மிதிபட்டு இறுகிய தரையும், அடுப்பின் சாம்பலும், அரவைக் கல்லும் சேர்ந்து கிடைக்கும்போதே அது மனிதர் வாழ்ந்த இடம் என்ற முடிவு வலுப்பெறுகிறது.

கல்லும் மண்ணும்

புதிய கற்காலக் கோடரி ஒன்றைச் செய்வது பல படிகள் கொண்ட வேலை. டோலரைட் போன்ற கடினமான கருங்கல்லை முதலில் உடைத்து ஏறக்குறைய கோடரி வடிவுக்குக் கொண்டுவருவர். பின்னர் மற்றொரு கல்லால் மெல்லக் கொத்திக் கொத்தி மேடு பள்ளங்களைச் சமப்படுத்துவர். இறுதியாகப் பாறையில் நீரும் மணலும் இட்டுத் தேய்த்து வெட்டுமுனையைத் தீட்டுவர். இப்படித் தேய்த்துத் தேய்த்துப் பாறையில் நீண்ட வழவழப்பான பள்ளங்கள் விழுந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இத்தகைய தேய்ப்புப் பள்ளங்கள் பாறைகளில் இன்றும் காணப்படுகின்றன. கோடரி செய்தவர்களின் உழைப்பு அந்தப் பாறைகளில் நேரடியாகப் பதிந்திருக்கிறது.

கோடரிகளில் மரப்பிடி பொருத்தி மரம் வெட்டவும், புதர் நீக்கவும், கம்பங்களைச் செதுக்கவும் பயன்படுத்தினர். பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லுப் பகுதியில் உள்ள ஹிரேகுட்டா குன்று கோடரிகள் பெருமளவில் செய்யப்பட்ட பட்டறையாக விளங்கியது. சில ஊர்கள் தமக்கு மட்டுமின்றிப் பிறருக்கும் கருவி செய்துகொடுத்தன என்பதை இது காட்டுகிறது.

ஏர்க்கலப்பை இருந்ததற்கான சான்று இப்பகுதியின் புதிய கற்கால அடுக்குகளில் இல்லை. நடுவில் துளையிட்ட உருண்டைக் கற்கள் தென்னிந்தியக் களங்கள் பலவற்றில் கிடைக்கின்றன. கூரிய கழியின் மேல் கனத்துக்காக இவற்றைச் செருகி நிலத்தைக் குத்தியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தமிழில் கொத்துக்காடு என்ற சொல் உண்டு. ஏர் ஓட்ட முடியாமல் கையால் கொத்திப் பயிர் செய்யும் நிலத்தை அது குறிக்கும். புதிய கற்கால நிலங்களும் அத்தகைய கொத்துக்காடுகளாகவே இருந்திருக்க வேண்டும். உழவர் என்ற சொல்லின் நேர்ப்பொருளில் இவர்களை உழவர் என்று கூறுவது பொருந்தாது.

மட்கலன்கள் பெரும்பாலும் கையாலோ மெல்லச் சுழலும் தட்டின் மேலோ வனையப்பட்டவை. சாம்பல் நிறக் கலன்களும் சிவப்பு நிறக் கலன்களும் மிகுதி. சில கலன்களின் மேற்பரப்பு சூளையில் இடுவதற்கு முன்பு கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டது. இது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. துளைகள் அடைபட்டு நீர் கசிவது குறையும். உருண்டையான அடிப்பாகம் கொண்ட பானைகள் மூன்று கல் அடுப்பில் நிலையாக அமர்ந்து நெருப்பை எல்லாப் பக்கமும் ஏற்கும்.

பயறும் சிறுதானியமும்

பையம்பள்ளியில் கிடைத்தவற்றுள் மிகச் சிறியவை கரிந்த தானிய மணிகள். கொள்ளும் பச்சைப்பயறும் இங்கு அடையாளம் காணப்பட்டன. உணவு மக்கிப் போவது இயல்பு. ஆனால் அடுப்பில் சிந்தியோ வறுக்கும்போது தீய்ந்தோ கரியான மணி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் தங்கும். யாரோ ஒருவரின் சமையலில் நேர்ந்த சிறு தவறே இன்று வரலாற்றுச் சான்றாகிறது.

இவ்விரு பயறுகளின் முக்கியத்துவம் பிற்கால ஆய்வுகளால் விளங்கியது. டோரியன் புல்லர், ரவி கொரிசெட்டர் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் புதிய கற்காலக் களங்களில் தாவர எச்சங்களை முறையாகத் திரட்டி 2000களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர். நான்கு பயிர்கள் திரும்பத் திரும்பக் கிடைத்தன. கொள்ளு, பச்சைப்பயறு, கன்னடத்தில் கொர்லே எனப்படும் சிறுதானியம், தினைக்கு உறவான ஒரு புல்லின் தானியம் ஆகியவையே அவை. இவற்றின் காட்டு இனங்கள் தீபகற்ப இந்தியாவின் வறண்ட காடுகளிலும் புல்வெளிகளிலும் வளர்பவை. எனவே வேளாண்மை என்ற எண்ணமோ பயிர்களோ முழுவதும் வெளியிலிருந்து வந்தவை என்ற பழைய கருத்து வலுவிழந்தது. உள்நாட்டுத் தாவரங்களையே பயிராக்கிய தனி மையங்களுள் ஒன்றாகத் தென்னிந்தியா இன்று கருதப்படுகிறது. கோதுமையும் பார்லியும் சில களங்களில் பின்னர் சிறிய அளவில் சேர்ந்தன.

கொள்ளு மெலிந்த மண்ணிலும் குறைந்த மழையிலும் விளையும். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் நிலத்தின் வளம் எளிதில் குன்றாது. அதன் கொடி கால்நடைக்குத் தீவனம். மணி மனிதருக்கு உணவு. சிறுதானியத்தில் மாவுச்சத்தும் பயறில் புரதமும் மிகுதி என்பதால் இரண்டும் சேர்ந்த உணவு ஓரளவு நிறைவானது. அரவைக் கற்களும் உருண்டைப் பானைகளும் ஒன்றாகக் கிடைப்பதைக் கொண்டு, அரைத்த மாவைக் கஞ்சியாகவோ களியாகவோ காய்ச்சியும் பயறை வேகவைத்தும் உண்டிருப்பர் என்று ஊகிக்கலாம். அரைக்கும் வேலை எளிதானதல்ல. குனிந்து மண்டியிட்டுக் கல்லைத் தள்ளி இழுக்கும் அந்த உழைப்பு ஒவ்வொரு குடும்பத்திலும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கும்.

கேழ்வரகுச் சிக்கல்

பையம்பள்ளியின் பயிர்ப் பட்டியலில் கேழ்வரகும் குறிப்பிடப்படுவது உண்டு. இச்செய்தி பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்நிலங்கள். அது கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டிலேயே வட தமிழகத்தில் விளைந்தது என்றால், அக்காலத்திலேயே ஆப்பிரிக்கப் பயிர் ஒன்று கடல் கடந்து உள்நாட்டுக் குன்றுவரை வந்துவிட்டது என்று பொருள். அது பெரிய முடிவு.

இந்தியக் களங்கள் பலவற்றில் முன்பு கேழ்வரகு என அறிவிக்கப்பட்ட மணிகளைத் தாவர எச்ச ஆய்வாளர்கள் மறுபரிசீலனை செய்தபோது, அவற்றுள் பல உள்நாட்டுச் சிறுதானியங்களாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. உமி நீங்கிக் கரிந்து உப்பிய சிறுதானிய மணிகள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கும். நுண்ணோக்கியில் மேற்பரப்பின் புள்ளிகளையும் கருவின் வடிவத்தையும் பார்த்தே பிரிக்க முடியும். அத்துடன் சிறு மணிகள் எறும்புப் புற்று, எலி வளை வழியாக மேலடுக்கிலிருந்து கீழே இறங்கிவிடலாம். எனவே மணியையே நேரடியாகக் காலம் கணிப்பது இன்று வலியுறுத்தப்படுகிறது.

இன்னொரு குறைபாடும் உண்டு. தோண்டிய மண்ணை நீரில் கலக்கி, மிதந்து வரும் கரித்துகள்களை நுண்ணிய சல்லடையில் பிடிக்கும் மிதவை முறை இந்திய அகழாய்வுகளில் பரவலானது பையம்பள்ளி அகழாய்வுக்குப் பின்னரே. கண்ணுக்குத் தெரியும் அளவில் குவிந்து கிடந்த மணிகளே அக்காலத்தில் பெரும்பாலும் கைக்கு வந்தன. பெரிய மணிகளான பயறுகள் எளிதில் கண்ணில் படும். கடுகளவு சிறுதானியம் மண்ணோடு போய்விடும். பையம்பள்ளியில் பயறு கிடைத்தது என்பது உறுதியான செய்தி. அங்கு வேறு சிறுதானியங்கள் இல்லை என்பது அதனால் உறுதியாகிவிடாது.

கால்நடை

தென்னிந்தியப் புதிய கற்காலக் களங்களில் கிடைக்கும் விலங்கு எலும்புகளில் மாட்டின் எலும்புகளே மிகுதி, அடுத்து ஆடு. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பல் மேடுகள் உள்ளன. அவை என்ன என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. எரிமலைச் சாம்பல் என்றும், உலோகம் உருக்கிய கழிவு என்றும் கருத்துகள் எழுந்தன. மாட்டுச் சாணம் குவிக்கப்பட்டு எரிந்ததால் உருவானவை என்பது பின்னர் உறுதியானது. எஃப். ஆர். ஆல்சின் 1957இல் உட்னூரில் நடத்திய அகழாய்வில், கம்பங்களால் சூழப்பட்ட பட்டிகளும் மாட்டின் குளம்புத் தடங்களும் வெளிப்பட்டன. தமிழ்நாட்டின் களங்கள் இத்தகைய பெரிய சாம்பல் மேடுகளால் அறியப்படுபவை அல்ல. ஆயினும் கருவிகளும் மட்கலன்களும் அதே பண்பாட்டைச் சேர்ந்தவை என்பதால், மாடு இங்கும் வாழ்வின் நடுவில் இருந்தது என்று கருதப்படுகிறது.

மாடு இறைச்சியும் பாலும் மட்டும் தரவில்லை. மழை பொய்த்த ஆண்டில் பயிர் கருகினாலும் மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு மேய்ச்சல் நிலம் தேடலாம். மானாவாரி வேளாண்மையும் மந்தையும் ஒன்றுக்கொன்று காப்பீடு போல அமைந்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்கள் இன்று தோல் தொழிலால் அறியப்படுகின்றன. புதிய கற்கால மக்களும் தோலைக் கல் சுரண்டிகளால் சுத்தம் செய்து பயன்படுத்தியிருப்பர்; தோல் மக்கிவிடுவதால் கருவிகள் மட்டுமே எஞ்சும். இதைக் கொண்டு அக்காலத்துக்கும் இன்றைய தோல் ஆலைகளுக்கும் இடையே தொடர்ச்சியான மரபு ஒன்று இருந்ததாகக் கூற முடியாது. இன்றைய தொழில், பிற்கால வணிகத்தாலும் ஏற்றுமதியாலும் வளர்ந்தது. இரண்டுக்கும் பொதுவானது கால்நடைக்கு ஏற்ற வறண்ட நிலம் மட்டுமே.

காலமும் இரும்பும்

பையம்பள்ளியின் கரித்துண்டுகள் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தப்பட்டன. உயிருள்ளவரை தாவரங்கள் காற்றிலிருந்து பெறும் கரிமம்-14, அவை இறந்த பிறகு சீரான வேகத்தில் குறையும். 5730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு காலம் கணக்கிடப்படுகிறது. புதிய கற்கால அடுக்கின் காலம் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டு என இதன் மூலம் தெரிந்தது.

அதே இடத்தின் மேலடுக்கில் இரும்புக் கருவிகள், கருப்பு-சிவப்பு மட்கலன்கள், இரும்பு உருக்கிய கசடுகள் ஆகியவை கிடைத்தன. கல்லிலிருந்து இரும்புக்கு மாறிய காலம் குறித்து அண்மையில் புதிய தரவுகள் வந்துள்ளன. மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டு 2022இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாறாயின், ஒரே வட்டாரத்தில் ஓர் ஊர் இரும்பை அறிந்திருந்த காலத்தில் இன்னோர் ஊர் கற்கோடரியோடு வாழ்ந்திருக்கிறது. கற்காலம் முடிந்த மறுநாள் இரும்புக் காலம் பிறந்தது என்ற எளிய வரிசை இங்குப் பொருந்தவில்லை. பழைய கணிப்புகளையும் புதிய கணிப்புகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட, பையம்பள்ளி போன்ற களங்களில் மறுபடியும் மாதிரிகள் எடுத்துக் கணிக்க வேண்டியிருக்கிறது. 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சென்னானூரில் நடந்த அகழாய்விலும் புதிய கற்காலக் கருவிகள் கிடைத்திருப்பது இவ்வட்டாரத்தின் மேல் மீண்டும் கவனத்தைத் திருப்பியுள்ளது.

பாதுகாப்பும் முக்கியத்துவமும்

புதிய கற்காலக் களத்தில் கோட்டையோ கோயிலோ கல்வெட்டோ இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரண நிலம். பாறைக் குன்று கல் குவாரியாகும்போது கோடரி தீட்டிய பள்ளங்கள் சரளைக் கற்களாகப் போகின்றன. அடிவார நிலம் எந்திரத்தால் சமப்படுத்தப்படும்போதும் வீட்டு மனையாகும்போதும் ஓரடி ஆழத்தில் இருக்கும் அடுப்புச் சாம்பலும் கம்பத் துளையும் கலைந்துவிடுகின்றன. கற்கோடரியை அருங்காட்சியகத்தில் சேர்த்துக் காப்பாற்றலாம். கம்பத் துளை என்பது மண்ணின் நிறத்தில் உள்ள ஒரு வேறுபாடு. ஒருமுறை கலைந்தால் மீட்க வழியில்லை. நிலத்தில் கற்கோடரியோ பழைய பானை ஓடோ கண்டவர்கள் அதை எடுத்துச் செல்லாமல், கிடந்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்பது இதனால் முக்கியமாகிறது.

பெயர் தெரியாத இம்மக்களின் வாழ்வை அறிய மண்ணைத் தவிர வேறு ஏடு இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த பயிர்களுள் கொள்ளும் பச்சைப்பயறும் வட தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் இன்றும் விதைக்கப்படுகின்றன. ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் தொடர்ந்து விளைகின்றன. மழை குறைந்த ஆண்டுகளைத் தாங்கும் பயிர்கள் என்று இவை இப்போது மீண்டும் பேசப்படுகின்றன. சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பையம்பள்ளியில் வாழ்ந்தவர்கள் அதே மழையையும் அதே மண்ணையும் கணக்கில் கொண்டுதான் தங்கள் விதையைத் தேர்ந்தெடுத்தனர்.